களையெடுக்கும் பெண் என்று போட்டிருந்தீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். காலையில் காபியோடு கைப்பேசியில் உங்கள் பேப்பரைத் திறப்பது பல வருடப் பழக்கம். முதலில் ராசிபலன், அப்புறம் வேளாண் பக்கம், நேரம் இருந்தால் அரசியல். இதுவரை ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒரு படம்தான்.

சென்ற வாரம் பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்துத் தோட்டத்தையும் பண்ணையையும் திட்டமிட்டு அமைக்கிற முறை, பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. மண் காயாமல் இலைதழையால் மூடி வைக்கும் மூடாக்கு, மழைத்தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் சம உயர வரப்பு, ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் பயிர்கள் என்று எல்லாவற்றையும் புரியும்படி எழுதியிருந்தார்கள். கூடவே படங்கள். மைக் பிடித்த ஒருவர், வரைபடத்தைக் காட்டும் ஒருவர், மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்கும் ஒருவர், பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் நான்கு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, பெயருக்கு முன்னால் பட்டமும் இருக்கிறது. கடைசி மூலையில் குனிந்த முதுகோடு ஒரு பெண். கீழே 'களையெடுக்கும் பெண்' என்று போட்டிருந்தீர்கள்.

அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் களை எடுக்கவில்லை ஐயா. கையில் இருப்பது காய்ந்த கரும்புச் சோகை. தக்காளிச் செடியைச் சுற்றி மூடாக்குப் போடுகிறார், அதுவும் தண்டில் படாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுகிறார், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகிவிடும் என்று தெரிந்தவர். இதே நுணுக்கம் உங்கள் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் வருகிறது, அங்கே அதைச் சொன்னவர் ஒரு பொறியாளர். சொன்னவருக்குப் பெயர் இருக்கிறது, செய்துகொண்டிருப்பவருக்கு இல்லை. செய்கிற வேலை என்ன என்பதைக் கூடத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள்.

கோபப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சரி, கொஞ்சம் கோபம்தான். ஆனால் இது உங்கள் பேப்பரோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். இங்கேயும் இதே கதைதான்.

நான் பொறையாறு பக்கத்தில் பிறந்தவள். 2004-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் வீட்டார் நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். 1860-க்கும் 1911-க்கும் இடையில் அப்படி நேட்டாலுக்கு (எங்கள் மாகாணத்தின் அன்றைய பெயர்) வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் பலபேர் கிடைத்த துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். டர்பன் நகரத்துக்கே காய்கறி கொடுத்தது இவர்கள் கைதான். என் கணவரின் ஆயா (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்) விடிவதற்கு முன்னால் கீரைக்கட்டும் மிளகாயும் சேம்பும் கட்டிக்கொண்டு வார்விக் பகுதியிலுள்ள அதிகாலைச் சந்தைக்குப் போனவர். 1910-இல் தொடங்கிய சந்தை அது. 2009-இல் அதை இடித்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் விடவில்லை, இன்னும் நடக்கிறது.

வந்த புதிதில் எனக்கு ஒரு ஆச்சரியம். வீட்டில் யாருக்கும் தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் பேச வராது, எல்லாம் ஆங்கிலம். ஆனால் கொல்லைக்குப் போனால் முருங்கை, கறிவேப்பிலை, புளிச்சகீரை, அவரை, வெந்தயம், எல்லாம் அப்படியே தமிழில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் போன மொழி அடுப்படியிலும் பாத்தியிலும் தங்கியிருக்கிறது, தங்க வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விதையும் அப்படித்தான். என் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில் சாம்பல் போட்டு அவரை விதை வைத்திருக்கிறார், அது ஆயா கொடுத்தது, ஆயாவுக்கு அவர் அம்மா கொடுத்தது. எந்த விதை வங்கிப் பதிவிலும் அது இல்லை.

இப்போது 2022-க்கு வருகிறேன். அந்த ஏப்ரலில் எங்கள் மாகாணத்தில் பெய்த மழையில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் உடைத்துவிட்டது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் வண்டி எப்போது வரும் என்று வாளியோடு தெருவில் நிற்பது, வந்ததும் ஓடுவது, இதுதான் வாழ்க்கை. மே தொடங்கி ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம், மழையும் இருக்காது. கூரைத் தண்ணீர் பிடிக்கிற ஜோஜோ டேங்க் வைத்திருந்தவர்களுக்குக் கூட அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

அந்த மாதங்களில் எங்கள் தெருவில் தோட்டம் காயாமல் இருந்த வீடுகள் மூன்றுதான். மூன்றையும் பார்த்துக்கொண்டது பெண்கள். அத்தை என்ன செய்தார் என்றால், கிணறு மாதிரி அகலமாக முழங்கால் ஆழத்துக்கு ஒரு வட்டக் குழி, அதில் வாழைமட்டை, காய்ந்த இலை, அடுக்களைக் கழிவு, அட்டைப்பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்பி, கரையைச் சுற்றி வாழை, வாழைக்கு இடையில் மடும்பி. (சேப்பங்கிழங்கை இங்கே மடும்பி என்போம், ஜூலு மொழியிலிருந்து வந்த சொல்.) பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், துணி அலசின கடைசித் தண்ணீர், எல்லாம் அந்தக் குழிக்குள். பிளீச் போட்ட தண்ணீரை மட்டும் ஊற்ற விடமாட்டார், அதற்கு ஒரு தனி வாளி, அதைத் தொட்டால் திட்டு. மீதிப் பாத்திகளுக்கெல்லாம் ஒரு சாண் உயரம் சோகை மூடாக்கு. வாரத்துக்கு இரண்டே தடவை தண்ணீர். கீரை தழைத்துக் கிடந்தது.

அந்த வட்டக் குழிக்குப் பெர்மாகல்ச்சர் புத்தகங்களில் ஒரு பெயரும் படமும் உண்டு, வாழை வட்டம் என்பார்கள். அத்தைக்குப் பெயர் தெரியாது. பக்கத்து வீட்டு ஜூலுப் பாட்டி, எல்லோரும் கோகோ என்று கூப்பிடுவோம், அவர் நீளவாக்கில் பள்ளம் தோண்டி, எலும்பு, தகரடப்பா, இலை, சாணம் எல்லாம் அடுக்கி மேலே மண் மூடிச் செய்கிற குழிப்பாத்தி வேறு வகை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் சரியாக வராது, கையைக் காட்டிக் காட்டியே ஒருவர் முறையை ஒருவர் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அத்தையின் பீன்ஸ் கோகோவின் குழிப்பாத்தியிலும், கோகோவின் காட்டுக்கீரை எங்கள் வாழை ஓரத்திலும் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் தான் நான் சொல்லவந்த சம்பவம். தண்ணீர் திரும்பி வந்த பிறகு, ஊரில் ஒரு அமைப்பினர் மண்டபத்தில் இரண்டு நாள் பெர்மாகல்ச்சர் பயிற்சி வைத்தார்கள். வெள்ளத்துக்கு அப்புறம் எல்லோருக்கும் ஆர்வம் வந்திருந்தது, அது உண்மை. எண்ணிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தவர்கள் 26 பேர், அதில் 19 பெண்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் நாலு பேர், நாலும் ஆண்கள். அதில் இரண்டு பேர் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர்கள், நான் நிறையக் கற்றுக்கொண்டேன், அதை மறைக்க மாட்டேன். மற்ற இரண்டு பேருக்குச் சொந்தத் தோட்டமே கிடையாது. ஒருவர் மக்கு உரம் செய்வது எப்படி என்று திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். வெளியே செய்துகாட்டும் நேரம் வந்தபோது அவர் குவியல் சூடாகவில்லை. பச்சையைக் குறைத்துக் காய்ந்ததை அள்ளிப் போட்டிருந்தார், ஈரமும் இல்லை. அத்தை சும்மா இருக்க முடியாமல் எழுந்து போய் இரண்டு கூடை புல்லும் கொஞ்சம் கோழி எருவும் சேர்த்துத் தண்ணீர் தெளித்துக் கலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் காலையில் குவியலிலிருந்து ஆவி பறந்தது. பயிற்சியாளர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, நேற்று நான் சொன்ன மாதிரியே வந்திருக்கிறது என்றார்.

இதுகூடப் பரவாயில்லை. முடிந்த பிறகு ஒரு துண்டறிக்கை அடித்தார்கள், அதில் நன்றி சொல்லும் இடத்தில் அத்தை பெயரும் என் பெயரும் இருந்தது. 'சிற்றுண்டி உதவி' என்ற தலைப்பின் கீழே. நாங்கள் இருவரும் அன்றைக்கு ஒரு வடை கூடச் சுடவில்லை, சொல்லப்போனால் அந்த வடை நன்றாகவே இல்லை.

பெர்மாகல்ச்சர் என்கிற சொல்லை உண்டாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மொலிசன், டேவிட் ஹோல்ம்கிரென் என்ற இரண்டு பேர், 1978-இல் புத்தகமாக வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது மண்டலக் கணக்கு. வீட்டை நடுவில் வைத்து, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டியதை வாசற்படிக்குப் பக்கத்திலும், எப்போதாவது போனால் போதும் என்பதைத் தூரத்திலும் வைப்பது. முதல் மண்டலம் என்பது கீரை, கொத்தமல்லி, மிளகாய், கறிவேப்பிலை, தினம் கை படுகிற இடம். அதற்கப்புறம் கோழி, பழமரம், வயல், விறகுக்காடு என்று விரிந்து ஐந்தாவது மண்டலம் மனிதன் கை வைக்காத காடு. முதல் மண்டலத்தைச் சரி பண்ணாமல் அடுத்ததற்குப் போகாதே என்பது இதில் பாலபாடம். நம் ஊரில் முதல் மண்டலம் யார் கையில் இருக்கிறது? பயிற்சியில் மட்டும் அது 'கிச்சன் கார்டன்' என்று பத்து நிமிடத்தில் முடிந்துபோகிறது, மண்வெட்டும் இயந்திரம் வந்து வரப்புப் போடுகிற நாலாவது மண்டலத்துக்கு அரைநாள். தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், அவர்கள் தெரிந்துவைத்திருப்பது வீட்டுவேலைக் கணக்கில் போய்விடுகிறது.

மூடாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரூத் ஸ்டவுட் என்ற அம்மா, வருஷம் முழுக்க வைக்கோல் மூடாக்கு, உழவே வேண்டாம் என்று 1955-லேயே புத்தகம் போட்டவர். சிட்னியில் எஸ்தர் டீன்ஸ் என்பவர் செய்தித்தாளும் வைக்கோலும் எருவும் அடுக்கித் தோண்டாமல் பாத்தி போடும் முறையை எழுதியது 1977-இல், அதாவது மொலிசன் புத்தகத்துக்கு ஒரு வருஷம் முன்னால். ரோஸ்மேரி மாரோ என்ற ஆஸ்திரேலிய ஆசிரியை வியட்நாம், கம்போடியா, ஆப்கானிஸ்தான் என்று போரில் நொந்த ஊர்களாகத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் நாட்டிலேயே 1990-இல் தொடங்கிய ஃபுட் அண்ட் ட்ரீஸ் ஃபார் ஆப்பிரிக்கா என்ற அமைப்பை உண்டாக்கியது ஜூனஸ் பார்க் என்ற பெண், பள்ளிக்கூடங்களில் பெர்மாகல்ச்சர் தோட்டம் போடும் எடுபிளாண்ட் திட்டம் அவர்களுடையது. எங்கள் மாகாணத்தின் வடக்கே பயோவாட்ச் என்ற அமைப்போடு சேர்ந்து பழைய சோளம், பயறு விதைகளைக் காப்பாற்றும் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் பெண்கள். இவ்வளவு பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பயிற்சியில் இரண்டு நாளும் காதில் விழுந்தது மொலிசன், ஹோல்ம்கிரென், மறுபடி மொலிசன்.

அந்தப் பயிற்சியை நடத்திய அண்ணனிடம் இதைக் கேட்டேன். நல்ல மனிதர்தான். "தங்கச்சி, நாங்க கூப்பிட்டோம், லேடீஸ் யாரும் பேச வர மாட்டேங்கிறாங்க" என்றார். இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எப்போது கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு. ஞாயிறு காலை ஏழரைக்கு ஒரு குடும்பத்துப் பெண் எங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? அடுத்தது, பேசுவதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்றேன். ஆண் பயிற்சியாளர்களுக்கு ஒரு தொகை உண்டு, பெட்ரோலும் உண்டு. அத்தை மாதிரி ஆட்களுக்கு? "அவங்க கம்யூனிட்டி பீப்பிள்தானே, அன்பா செய்வாங்க" என்றார்.

இந்த அன்புக் கணக்கு பழசு. கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி, ரேஷனும் பாதி. ஆனால் ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் 3 பவுண்டு தலைவரி போட்டபோது அரைவரி எல்லாம் கிடையாது, பெண்ணுக்கும் முழு வரிதான். அந்த வரியை எதிர்த்து 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து கிளம்பி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியவர்கள் பதினொரு பெண்கள், ஏறக்குறைய எல்லோரும் தமிழச்சிகள், அதில் ஆறு பேர் கையில் குழந்தை. மூன்று மாதம் சிறைக்கும் போனார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில்தான் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் செத்துப்போனாள். சின்ன வயதில் தில்லையாடி மணிமண்டபத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போவேன், அவள் நடந்த மண்ணில் வந்து குடியிருப்பேன் என்று அப்போது யார் நினைத்தார்கள். கைக்குழந்தையோடு வேலைநிறுத்தம் நடத்தப் போனவர்களின் பேத்திகளிடம் இன்றைக்குப் பயிற்சி அறிவிப்பில் 'தயவுசெய்து குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்' என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பெண்களுக்காகப் பேசுகிறவர்கள் செய்வது. மேடையில் ஏறினால் பெண் என்றால் பூமித்தாய், பொறுமையின் வடிவம், விதையைப் போன்றவள் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. என் அத்தைக்குப் பொறுமையே கிடையாது. இங்கே குரங்குத் தொல்லை அதிகம், பப்பாளி பழுக்கிறதுக்குள் வந்து கடித்துப் போட்டுவிட்டுப் போகும், அவர் வாயில் அப்போது வருகிற வார்த்தைகளை உங்கள் பேப்பரில் போட முடியாது. அவர் நல்ல தோட்டக்காரி, காரணம் அறுபது வருஷம் மண்ணில் வேலை செய்திருக்கிறார், கவனித்திருக்கிறார், தப்புப் பண்ணி இரண்டு தடவை முழுத் தோட்டத்தையும் இழந்திருக்கிறார். அதை அனுபவம் என்று சொல்லுங்கள், அனுபவத்துக்கு உரிய காசைக் கொடுங்கள். தாயே என்று கும்பிட்டுவிட்டால் காசு கேட்க முடியாமல் போகிறது.

அப்புறம் நிலம். இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி பெண்கள் பொறுப்பில் நடக்கும் சாகுபடிப் பண்ணைகள் நூற்றுக்கு 14-க்கும் கொஞ்சம் குறைவு. இங்கே 2017 நிலத் தணிக்கையில் தனிநபர் பெயரில் உள்ள பண்ணை நிலத்தில் ஆண்கள் பெயரில் 72 விழுக்காடு, பெண்கள் பெயரில் 13. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண். பெர்மாகல்ச்சர் என்பது பத்து வருஷம், இருபது வருஷம் கழித்துக் காய்க்கிற மரத்தை இன்றைக்கு வைக்கிற வேலை. பட்டாவில் பெயர் இல்லாதவள், கொழுந்தன் நாளைக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருப்பவள், பலாக்கன்று வைப்பாளா? மூன்று மாதக் கீரைதான் போடுவாள். அவளைப் பார்த்து, பெண்களுக்குத் தொலைநோக்கு இல்லை, எல்லாம் சின்னச் சின்னத் தோட்டமாகவே செய்கிறார்கள் என்று ஒருவர் அந்தப் பயிற்சியிலேயே சொன்னார். நான் அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன், அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

போன வருஷம் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். பெர்மாகல்ச்சரில் முறையான வடிவமைப்புச் சான்றிதழ் வாங்க 72 மணி நேரப் படிப்பு. இதைப் பெரும்பாலும் இரண்டு வாரம் தங்கிப் படிக்கிற முகாமாக நடத்துவார்கள். இரண்டு வாரம் வீட்டைப் போட்டுவிட்டுப் போகிற பெண் எத்தனை பேர்? சான்றிதழ் இல்லாமல் சொல்லிக்கொடுக்க விடமாட்டார்கள், சொல்லிக்கொடுக்காமல் பெயர் வராது, இப்படித்தான் கதவு சாத்திக்கொள்கிறது. பக்கத்து ஊரில் உரிமை பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், அவரிடம் கெஞ்சி, பன்னிரண்டு சனிக்கிழமை, நாளைக்கு ஆறு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டோம். கணக்கு சரியாக வந்துவிட்டது. கோயில் மண்டபத்தின் பின்கட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு இருபது ராண்டு போட்டு இரண்டு காலேஜ் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தோம். சமையல் வீட்டிலிருந்தே கொண்டுவருவது, ஆண்கள் வந்தால் அவர்களும் கொண்டுவர வேண்டும், பாத்திரம் அவர்களும் கழுவ வேண்டும். மூன்று ஆண்கள் வந்தார்கள், கழுவினார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பதினான்கு பேர் தொடங்கி ஒன்பது பேர்தான் முடித்தோம். ஒருவரை வீட்டில் விடவில்லை, ஒருவருக்கு வேலை ஷிப்ட் மாறியது, இரண்டு பேருக்குள் ஒரு சண்டை, அதை இங்கே எழுத வேண்டாம். அத்தையைப் படிப்பில் சேரச் சொன்னதற்கு, "எனக்கு எதுக்கு சர்ட்டிபிகேட், செவுத்துல மாட்டவா" என்று மறுத்துவிட்டார். ஆனால் ஐந்தாவது சனிக்கிழமை மக்கு உரத்துக்கும் விதை எடுப்பதற்கும் அவரைத்தான் ஆசிரியை கூப்பிட்டார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தொகையை உறையில் போட்டுக் கொடுத்தார். அத்தை வாங்க மறுத்து, வாங்கி, வீட்டுக்கு வந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக் கோகோவிடம் போய், அடுத்த முறை உன் குழிப்பாத்தியை நீ வந்து சொல்லு, காசு உண்டு என்று தன் அரைகுறை ஜூலுவில் சொல்லிவிட்டு வந்தார்.

முடித்த ஒன்பது பேரில் நான்கு பேர் இப்போது அந்த ஆசிரியையோடு துணை நின்று சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் அரைமணி, அப்புறம் ஒரு மணி, அப்புறம் ஒரு முழுப் பாடம். எனக்கு முதல் தடவை கை நடுங்கியது, சம உயரக் கோடு பார்க்கிற ஏ வடிவச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேடை பயம் என்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவதில்லை ஐயா, ஏறி ஏறித்தான் போகிறது. ஆண்களுக்கு அந்த ஏறி விழும் வாய்ப்பு இருபது வயதிலேயே கிடைத்துவிடுகிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எங்களுக்கே அது நடக்க ஆரம்பித்திருக்கிறது. பெண்களை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று நான்கு இடத்தில் பேசியதும், எல்லாக் குழுவிலும் ஒரு பெண் வேண்டும் என்று என்னையே கூப்பிடுகிறார்கள். கூட்டக் குறிப்பு எழுத, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப, வராதவர்களுக்குப் போன் போட. பதவி பெயர் செயலாளர். பணம் எங்கே போகிறது, நிலம் யாருக்கு, யாரை ஆசிரியராகப் போடுவது என்று முடிவெடுக்கும் கூட்டம் வேறொரு நாள் வேறு யார் வீட்டிலோ நடக்கிறது. முகத்தை மட்டும் முன்னால் வைத்தால் போதாது, பெட்டிச் சாவியும் வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எல்லாப் பேப்பரும் படம் போட்டது, நீங்களும் போட்டீர்கள், நான் இங்கே எல்லோருக்கும் காட்டினேன். அப்போது அவருக்கு நூறு வயது தாண்டியிருந்தது. ஒரு விவசாயப் பெண்ணின் பெயர் படத்துக்குக் கீழே வர நூறு வயசு ஆக வேண்டுமா? படம் எடுக்கப் போகிற தம்பியிடம் சொல்லிவிடுங்கள், குனிந்திருப்பவரை நிமிரச் சொல்லி, பெயர் கேட்டு, என்ன செய்கிறீர்கள் அம்மா, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். பெயர் போட வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடலாம், கேட்டுவிட்டு விடலாம். கட்டுரைக்குக் கருத்துக் கேட்க ஐந்து பேருக்குப் போன் போட்டால் அதில் இரண்டு மூன்றாவது மண்ணில் கை வைத்த பெண்ணாக இருக்கட்டும், போனை எடுப்பது கணவராக இருந்தால் 'அவங்ககிட்ட குடுங்க' என்று சொல்லட்டும். வேளாண் பக்கத்தில் பயிற்சி அறிவிப்பு வரும்போது, யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், குழந்தையோடு வரலாமா, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீங்கள் கேட்க ஆரம்பித்தால் நடத்துகிறவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள், அச்சில் வருகிறது என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

அந்தப் படத்தில் இருந்த அம்மா யார் என்று தெரிந்தால், அடுத்த வாரம் ஒரு சின்னத் திருத்தம் போடுவீர்களா? 'களையெடுக்கும்' என்பதை எடுத்துவிட்டு அவர் பெயரையும் 'மூடாக்குப் போடுகிறார்' என்பதையும். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டோங்காட், குவாசூலு-நேட்டால், தென்னாப்பிரிக்கா.

பின்குறிப்பு: அனுப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அத்தைக்குப் புரியும்படி சொல்லி வாசித்துக் காட்டினேன். குரங்கைத் திட்டுவதை எழுதியதற்கு முறைத்தார். அப்புறம், படத்திலுள்ள தக்காளியை அவரும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, செடியை ரொம்ப நெருக்கி நட்டிருக்காங்க, ஒரு முழம் விட்டு நடணும், அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.